சனிக்கிழமை, பத்து மணி பத்து நிமிடம்

பிச்சாட்டூர்
5.6.1995

அன்புள்ள சங்கரி,

'நலம், நலமறிய ஆவல்' என்று ஆரம்பித்தால் நீ அதை ஹாஸ்டல் முழுக்கப் படித்துக் காட்டிச் சிரிப்பாயாம். உங்கம்மா சொன்னார்கள். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஜூலை 6, வியாழக்கிழமை, புத்தலப்பட்டில் உங்கள் வீட்டில் நமக்கு நிச்சயதாம்பூலம். எங்கம்மாவும் உங்கம்மாவும் பேசி முடித்துவிட்டார்கள். முறைப்பெண், முறைப்பெண் என்று ஊர் சொல்லிச் சொல்லியே கடைசியில் நிஜமாகிவிட்டது பார்.

நிச்சயத்தன்று பெண் வீட்டார் மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். வாட்ச் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்ணையே கட்டிக்கொள்ளப் போகிறவன் வேறு யாரிடம் போய்க் கேட்பான்? குவைத்திலிருந்து வந்திருக்கிற சின்னசாமி ஒன்று கட்டியிருக்கிறான். பெரிய டயலுக்குள்ளே மூன்று குட்டி டயல். பக்கத்துத் திருகுக்கு மேலே ஒரு பட்டன், கீழே ஒரு பட்டன். தங்கக் கலர் செயின். அவன் கையைத் தூக்கினால் பஸ்ஸில் இருப்பவன் எல்லாம் திரும்பிப் பார்க்கிறான். எனக்கும் அந்த மாதிரி வேண்டும். பால் வேன் ஓட்டுகிறவனுக்கு நேரம் முக்கியம் இல்லையா?

இன்னொன்று. கடைசியில் எழுதினால் காரம் குறையும் என்று கடைசியில் வைத்தேன். "கல்யாணம் ஆனா வேலைய வுட்டுட்டு வந்துடணும். புள்ள ஒரு ஊர்ல, மருமக ஒரு ஊர்ல இருக்கறதுக்கு இன்னாத்துக்கு கல்யாணம்?" இது செல்லியம்மா உத்தரவு. எங்கம்மாவைத்தான் உனக்குத் தெரியுமே. நைனா போன நாளிலிருந்து கூலி வேலை செய்து என்னை ஆளாக்கியவள். எதிர்த்து என்ன பேசுவது? நான் தலையை ஆட்டிவிட்டேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

இப்படிக்கு,
ஹரிபாபு


பீன்யா, பெங்களூர்
18.6.1995

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று குட்டி டயல் வேண்டுமாமே! சின்னசாமியிடம் போய் அந்த மூன்றும் என்ன செய்கின்றன என்று கேளுங்கள். தெரியாது. பந்தயம் கட்டுகிறேன். ஒன்று கடந்த நொடியை எண்ணும், ஒன்று நிமிஷத்தை, ஒன்று மணியை. மேல் பட்டனை அழுத்தினால் எண்ண ஆரம்பிக்கும், கீழ் பட்டனை அழுத்தினால் பழைய இடத்துக்குப் போகும். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்தது. நம் பிச்சாட்டூர் எருமையைக் கறக்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கப் போகிறீர்களா?

நான் வேறு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். வெள்ளை டயல், தடித்த எண்கள், தூரத்திலிருந்தே படிக்கலாம். மூன்று மணி இருக்கும் இடத்தில் ஒரு சின்ன ஜன்னல். அதில் கிழமையும் தேதியும் தெரியும். கண்ணாடியைச் சுற்றி மெல்லிசாக ஒரு வளையம், அதற்குப் பெசல் என்று பேர். தோல் வார். செயின் என்றால் உங்கள் கையில் இருக்கிற ரோமத்தைப் பிடுங்கும், வேண்டாம். சாவி கொடுக்க வேண்டியதில்லை, உள்ளே செல் இருக்கிறது, இரண்டு வருஷம் ஓடும்.

இன்னொரு விசேஷம். இந்த வாட்சுக்கு முள் ஏற்றியது நான். அதுதான் என் வேலை. விரல் நுனிக்கு ரப்பர் உறை போட்டுக்கொண்டு, கண்ணில் லென்ஸ் வைத்துக்கொண்டு உட்காருவேன். தலையில் பூ கூடாது, முகத்தில் பவுடர் கூடாது. ஒரு தூசி உள்ளே விழுந்தால் போச்சு. பக்கத்துத் திருகைச் சுற்றிக்கொண்டே வருவேன். ஜன்னலில் தேதி டக்கென்று குதிக்கும் பாருங்கள், அந்த நொடியில் நிறுத்தி, பன்னிரண்டில் முதலில் சின்ன முள், அதன் மேல் பெரிய முள், அதன் மேல் நொடி முள் என்று வைத்து அழுத்துவேன். ஒன்றை ஒன்று தொடக்கூடாது. மயிரிழை இடைவெளி. ஒரு நாளைக்கு ஐந்நூறு அறுநூறு வாட்ச் என் கையில்தான் நேரம் கற்றுக்கொள்கிறது மாமா. இந்த வேலையை விடச் சொல்கிறீர்கள்.

நான் விட மாட்டேன். அத்தையிடம் நீங்கள்தான் பேச வேண்டும். தலையை ஆட்டினால் போதாது, வாயைத் திறக்க வேண்டும். எனக்கு உங்களைப் பிடிக்கும். சின்ன வயதில் ஆரணியாற்று மதகில் எனக்காகக் குதித்து என் செருப்பை எடுத்துக் கொடுத்ததிலிருந்தே பிடிக்கும். அதற்காக இதை விட முடியாது.

நாளை ரிஜிஸ்டர் பார்சலில் அனுப்புகிறேன். நிச்சயத்துக்கு முதல் நாள்தான் எனக்கு லீவு. பார்சலை வாங்கி உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள். நிச்சயத்தன்று எங்கம்மா கையால் கட்டிவிடட்டும்.

சங்கரி


பிச்சாட்டூர்
25.6.1995

சங்கரி,

எப்படி எழுதுவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பார்சல் வந்தது. நான் வேனில் போயிருந்தேன். அம்மாதான் கைநாட்டு வைத்து வாங்கினாள். ஆசை. அக்கம்பக்கத்துப் பெண்களை எல்லாம் கூப்பிட்டு, "எம் மருமக அவ கையால செஞ்ச கடியாரம், வந்து பாருங்கடி" என்று சொல்லி, நடுவீட்டில் உட்கார்ந்து பிரித்திருக்கிறாள். வாட்ச் நின்றுபோயிருந்தது.

நின்றதோடு போகவில்லை. எதிர்வீட்டுத் தமிழரசுவைக் கூப்பிட்டு, ஜன்னலில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். அவன் 'சனி' என்றிருக்கிறான். மணி? பத்து பத்து. அந்தப் படுபாவி வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். காலண்டரைப் பார்த்துவிட்டு, "சனிக்கிழம ஒம்போதுல இருந்து பத்தர வரிக்கும் ராகுகாலம் ஆச்சே சின்னம்மா" என்று சொல்லிவிட்டான். கூட்டம் எழுந்து போய்விட்டது.

நான் வந்தபோது அம்மா பெட்டியைத் தொடாமல் தூரமாக உட்கார்ந்திருந்தாள். "நின்னுபோன கடியாரம். அதுவும் சனிக்கெழம ராகுகாலத்துல நின்னுது. இதுக்கு மேல சாமி வாயத் தொறந்து சொல்லுமா? வாணாம் ஹரி, இந்த நிச்சயம் வாணாம்" என்றாள். நான் வாட்சை ஆட்டிப் பார்த்தேன், காதில் வைத்துப் பார்த்தேன். உயிரே இல்லை. அம்மா உங்கம்மாவுக்கு ஆள் அனுப்பி, ஆறாம் தேதி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. தினமும் அறுநூறு வாட்சுக்கு முள் ஏற்றுகிறவள் எனக்கு அனுப்பிய ஒன்றை ஓடுகிறதா என்று பார்க்கவில்லையா? இல்லை, வேலையை விடச் சொன்னதற்கு இதுதான் உன் பதிலா? அப்படியென்றால் கடிதத்திலேயே எழுதியிருக்கலாமே.

ஹரிபாபு


பீன்யா
1.7.1995

மாமா,

இன்றும் சனிக்கிழமைதான். பத்து பத்துக்கு நான் உயிரோடுதான் இருந்தேன்.

அத்தை சொன்னது எனக்கு வலிக்கவில்லை. அத்தைக்கு வாட்ச் தெரியாது. நீ கேட்டாயே, அதுதான் வலிக்கிறது. நின்றுபோன வாட்சைப் பார்சல் கட்டி அனுப்பி 'மாட்டேன்' என்று சொல்கிற பெண்ணா நான்? மாட்டேன் என்றால் மாட்டேன் என்று எழுத எனக்குக் கை இல்லையா? கோபத்தில் 'நீ' என்று எழுதிவிட்டேன். இருக்கட்டும், அடித்துத் திருத்த மாட்டேன்.

இப்போது பெட்டியைத் திற. வாட்சின் வலது பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதற்குக் கிரவுன் என்று பேர். கிரவுனுக்கும் வாட்சுக்கும் நடுவில் சிவப்பாக ஒரு பிளாஸ்டிக் துண்டு, நகத்தளவு இருக்கும், சொருகியிருக்கிறதா? அதை அழகுக்கு வைத்தது என்று நினைத்தாயா? கிரவுன் உள்ளே போய்விடாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது. கிரவுன் வெளியே இருந்தால் வாட்ச் ஓடாது, செல் வீணாகாது. கடைக்குப் போகிற எல்லா வாட்சும் இப்படித் தூங்கிக்கொண்டேதான் போகும். நின்றுபோகவில்லை மாமா. கட்டப்போகிறவன் கையில் முதல் நொடி ஓட வேண்டும் என்று நான்தான் எடுக்காமல் விட்டேன். அதை எழுதாமல் விட்டது என் தப்பு. உனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

பத்து பத்து ஏன் என்றால், எல்லா வாட்சையும் பெட்டியில் போடும்போது அப்படித்தான் வைப்போம். இரண்டு முள்ளும் கையைத் தூக்கின மாதிரி விரிந்து நிற்கும், நடுவில் கம்பெனி பேர் மறையாமல் தெரியும். அவ்வளவுதான். சனி ஏன் என்றால், நான் அதை எடுத்து வைத்தது ஜூன் பத்தாம் தேதி சனிக்கிழமை. ராகுவுக்கும் எங்கள் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இனி நான் சொல்வதை அப்படியே அத்தைக்குப் படித்துக் காட்டு. குறைக்காதே, உன் இஷ்டத்துக்கு இனிப்பு சேர்க்காதே. கிரவுனை முதல் சொடுக்கு வரை இழுத்துத் திருகினால், ஒரு பக்கம் தேதி மாறும், மறுபக்கம் கிழமை மாறும். இரண்டாவது சொடுக்கு வரை இழுத்தால் முள்ளெல்லாம் நின்றுவிடும். அப்போது திருகினால் நேரத்தை முன்னாலும் தள்ளலாம், பின்னாலும் தள்ளலாம். யார் வேண்டுமானாலும் தள்ளலாம். ஒரு விரலும் ஒரு கட்டைவிரலும் போதும். திரும்ப உள்ளே அழுத்தினால் ஒன்றும் நடக்காதது போல ஓடும். வாட்ச் காட்டுகிற நேரம் சாமி வைத்தது இல்லை, கிரவுனைத் தொட்டவன் வைத்தது.

இதற்குப் பிறகும் அத்தை வேண்டாம் என்றால் வாட்சைத் திருப்பி அனுப்பிவிடு. சகுனத்துக்குப் பரிகாரமாக நான் வேலையை விட மாட்டேன். அழுதுகொண்டுதான் எழுதுகிறேன், ஆனால் விட மாட்டேன்.

சங்கரி


பிச்சாட்டூர்
11.7.1995

அன்புள்ள சங்கரி,

என்னை மன்னித்துவிடு. சிவப்புத் துண்டு இருந்தது. நான் அதை அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். பத்தாவது வரை படித்தவன் என்று வெளியே சொல்லாதே. நீ என்னை 'நீ' என்றது நன்றாகத்தான் இருந்தது. அப்படியே எழுது.

ஆறாம் தேதி வந்தது, போனது. அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு புத்தூர் வரை போய், பாலை இறக்கிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் திரும்பினேன். மறுநாள்தான் உன் கடிதம் வந்தது.

அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுவதையும் படித்தேன். நீ அழுததையும் படித்தேன். அப்புறம் துண்டை எடுத்துவிட்டு, முதல் சொடுக்கில் வைத்துத் திருகினேன். ஜன்னலில் சனி போய் ஞாயிறு வந்தது, திங்கள் வந்தது. அம்மா கண்ணை எடுக்கவில்லை. "சனிய இப்டி ஒரு வெரலால தள்ள முடியும்னா, நா எத்தினி சனிக்கெழம எள்ளு வெளக்கு ஏத்தினேன்" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நேரத்தைச் சரிசெய்து உள்ளே அழுத்தினேன். நொடி முள் குதித்து ஓட ஆரம்பித்தது. வாட்சை அம்மா முன்னால் நீட்டினேன், சங்கரி. ஆனால் அம்மா அதைப் பார்க்கவே இல்லை. "அந்தத் திருவு சமாச்சாரத்த இன்னொரு தபா படி" என்றாள். படித்தேன். "இன்னொரு தபா." மூன்று முறை படித்தேன்.

"யாரு வேணா திருவலாமா?"

"யார் வேணா."

"கையில கட்டிக்கினே இருக்கறப்பவும்?"

"கட்டிக்கினே திருவலாம்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டாள், மணி பார்க்கக் கற்றுக்கொடு என்று. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டாள். நேற்றுக் காலை பார்த்தால் வாட்சைக் காணோம். முந்தானையில் முடிந்துகொண்டு களையெடுக்கப் போய்விட்டாள். இன்றும் அப்படியே. கேட்டால் "உன் வேலையப் பாரு" என்கிறாள். நிச்சயத்தைப் பற்றிக் கேட்டாலும் அதே பதில்தான். என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

உன்
ஹரிபாபு


பீன்யா
18.7.1995

மாமா,

நேற்று ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதத்துக்கு யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஹாஸ்டலில் கல்பனா என்று ஒருத்தி, குப்பம் பக்கத்துப் பெண், "ஆடி போனால் ஆவணி, உனக்கு என்ன அவசரம்" என்கிறாள். அவளுக்கு என்ன, அவள் மாமா கடிதத்துக்குப் பதிலாகச் சந்தேகம் அனுப்புகிறவர் இல்லை. சரி, அதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுகிறேன் பார், அதனாலேயே மறக்கவில்லை என்று தெரியும்.

அத்தை வாட்சை ஏன் எடுத்துப் போகிறார்கள்? ஏரியில் போட்டுத் தலை முழுகவா? வாட்சுக்குப் பின்னால் மூடியில் முப்பது மீட்டர் என்று எழுதியிருப்பதை நம்பி நீ குதித்து எடுக்கப் போகாதே. முப்பது மீட்டர் ஆழம் தாங்கும் என்று அர்த்தம் இல்லை. கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்துச் செருப்பு மாதிரி இல்லை.

விளையாட்டாக எழுதினாலும் மனசு சரியில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி எங்கள் லைனில் பதினோரு பேருக்குப் பெர்மனென்ட் பேப்பர் கொடுக்கிறார்கள். அதில் என் பேரும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடப் போகிறேன். ஒளித்து வைத்துச் செய்ய மாட்டேன், அதனால்தான் முன்னாலேயே எழுதுகிறேன். அதைக் கேட்டு அத்தை என்ன சொன்னாலும் நீ அப்படியே எழுது. இல்லை என்றால் இல்லை என்றே எழுது. தெரியாமல் காத்துக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

சங்கரி


பிச்சாட்டூர்
27.7.1995

அன்புள்ள சங்கரி,

அம்மா வாட்சை ஏரியில் போடவில்லை. என்ன செய்தாள் என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

அம்மா களையெடுக்கப் போகிற வேர்க்கடலைக் காட்டுக்கு வெங்கடரமணன் என்று ஒரு மேஸ்திரி. காலை எட்டு மணிக்குப் பெண்கள் காட்டில் இறங்க வேண்டும், ஒரு மணிக்கு ஏறலாம். அந்தக் காட்டிலேயே ஒரே ஒரு வாட்ச்தான், அது மேஸ்திரி கையில். வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது என்று பெண்கள் சொன்னால், "நெழல நம்பாத, கடியாரத்த நம்பு" என்பான். எத்தனையோ வருஷமாக நம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். பதினொரு மணிக்கு எல்லோரும் மோர் குடிக்கிறபோது அவன் மட்டும் வேப்பமரத்தடியில் திரும்பி உட்கார்ந்துகொண்டு வாட்சின் பக்கத்தில் எதையோ திருகுவானாம். சாவி கொடுக்கிறான் என்று அம்மா நினைத்திருந்தாள். உன் கடிதத்தை நான் படித்தபோதுதான் அவளுக்குத் துணுக்கென்றிருக்கிறது. மூன்று முறை படிக்கச் சொன்னது அதற்குத்தான்.

ஆனால் உடனே கேட்கவில்லை பார், அதுதான் செல்லியம்மா. ரேடியோவில் காலைச் செய்தி ஆரம்பிக்கிற நேரத்துக்குத் தினமும் வாட்சைச் சரிபார்த்துக்கொண்டு, முந்தானையில் முடிந்துகொண்டு போய், பன்னிரண்டு நாள் பேசாமல் பார்த்திருக்கிறாள். காலையில் இரண்டு வாட்சும் ஒரே நேரம். மோர் குடித்த பிறகு அவனுடையது மட்டும் அரை மணி பின்னால். பன்னிரண்டு நாளும் அதே கதை.

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை நான் வேனில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். காட்டு ஓரத்தில் பெண்கள் எல்லாம் எழுந்து நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். அம்மா வரப்பில் நிற்கிறாள். இடது கையில் என் வாட்ச். வார் அவளுக்குப் பெரிசு. ஆணியால் புதிசாக ஒரு ஓட்டை போட்டுக் கட்டியிருக்கிறாள்.

"மேஸ்திரி, மணி எத்தினி?"

"பன்னெண்டரை. இங்கா டைம் காலேது, இன்னும் ஆவல, போ, போ" என்றான் அவன்.

"அயிந்தி மேஸ்திரி, டைம் ஆயிடிச்சி. எனுக்கு மணி ஒண்ணு."

"உன் கடியாரம் பாஸ்ட்டா ஓடுது செல்லி."

"எங் கடியாரம் எம் மருமக முள்ளு வெச்சது. ரேடியோக்காரன் சொன்ன டைமு. உன் கடியாரத்துக்குப் பக்கத்துல ஒரு திருவு கீதே, அதுக்குப் பேரு கிரவுனு. ரெண்டு சொடுக்கு இழுத்தா முள்ளு நிக்கும். மோரு குடிக்கறப்ப மரத்தாண்ட திரும்பிக்கினு அத்த இன்னாத்துக்கு இழுக்கற?"

மேஸ்திரி முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சட்டைக் கையை வாட்சின் மேல் இழுத்து விட்டுக்கொண்டான். முதலில் ஒரு கிழவி சிரித்தாள், அப்புறம் காடே சிரித்தது. பதினெட்டுப் பெண்களும் களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார்கள். அம்மா எல்லோருக்கும் கடைசியில் ஏறினாள். நேற்று மேஸ்திரி வாட்ச் ரேடியோவோடு ஒத்துப் போயிற்றாம்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள்: "சனியும் இல்ல, ராகுவும் இல்ல. இத்தினி வருஷமா எம் பொழுத திருவுனது ஒரு மனுசன்." கொஞ்ச நேரம் கழித்து அழுதாள். நைனா செத்தபோதுகூட என் எதிரில் அழாதவள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். 

இனி வருவது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது.

"சங்கரி, நா செல்லியம்மா சொல்றேன், இவன் எழ்தறான். நா சொன்னது தப்பு. டேய், தப்புன்னு எழ்தாத, கோச்சிக்காதன்னு எழுது. எழ்திட்டியா? சரி, ரெண்டும் இருக்கட்டும். அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுடு. கடியாரம் செய்றவ ஒருத்தி வூட்ல இருக்கணும். நீ பெங்களூர்ல அப்டியே இருந்துடுவ, எம் புள்ளையயும் இழுத்துக்குவன்னு பயந்துகினுதான் வேலைய வுடச் சொன்னேன். அதான் நெசம், சகுனமெல்லாம் அப்றம். இவன் அங்க வரட்டும். பெங்களூர்ல பாலு இல்லியா, வேனு இல்லியா? என்னப் பத்தி ரோசன பண்ணாதீங்க. பதினெட்டு பொம்பளைங்க எங்கையப் பாத்துதான் கரையேறுதுங்க, நா எங்க வர்றது? ஆவணியில கல்யாணம். ஐயர் செப்டம்பர் நாலு திங்கக்கெழம, ஒம்போதே கால்ல இருந்து பத்தே கால் வரிக்கும் முகூர்த்தம் குடுத்தாரு. பத்து பத்துக்குத் தாலி கட்டணும்னு நா சொல்லிட்டேன். ஐயரு ஏன்னாரு. அது எங்க வூட்டு சமாச்சாரம்னேன். அப்றம் ஒண்ணு. இந்தக் கடியாரத்தத் திருப்பிக் கேக்காத."

ஆக, உன் மாப்பிள்ளைக்கு வாட்ச் இல்லை. கல்யாணத்தன்று வெறுங்கையோடு மணையில் உட்காருவேன் போலிருக்கிறது. மூன்று குட்டி டயல் இனிமேல் கேட்க மாட்டேன். நீ எது கொடுத்தாலும் சரி. பெங்களூருக்கு நான் வருவது உனக்குச் சந்தோஷமா என்று மட்டும் எழுது. அம்மாவைத் தனியாக விட்டு வருவது எனக்குக் கஷ்டம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன்
ஹரிபாபு


பீன்யா
21.8.1995

அன்புள்ள மாமா,

சந்தோஷமா என்றா கேட்கிறாய்? உன் கடிதத்தை ஹாஸ்டல் முழுக்கப் படித்துக் காட்டினேன். கல்பனா 'கிரவுனு' என்ற இடத்தில் எழுந்து நின்று கை தட்டினாள். மறுநாள் எங்கள் லைனில் படித்தேன். முள் ஏற்றுகிற நாற்பது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு வாட்ச் வெளியே போய் என்ன செய்கிறது என்று அதுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஐந்தாம் தேதி கையெழுத்துப் போட்டேன். கம்பெனி வேன் ஓட்ட ஆள் கேட்கிறார்கள். உன் லைசன்ஸ் காப்பி அனுப்பு. அத்தையைத் தனியாக விடுவது எனக்கும் பாரமாகத்தான் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு ஞாயிறு நாம் போய்விடலாம். அவர்களாக வரும் நாளும் வரும். அவசரப்படுத்தாதே, அவர்கள் நேரத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

இதோடு ஒரு பார்சல் வருகிறது. அதே வெள்ளை டயல், அதே தோல் வார். இதற்கும் முள் ஏற்றியது நான்தான். பெட்டியைத் திறந்தால் நின்றிருக்கும். பயப்படாதே, தமிழரசுவைக் கூப்பிடாதே. மணி பத்து பத்து. முள்ளை நான் அசைக்கவே இல்லை, எல்லா வாட்சுக்கும் வைக்கிற அதே இடம். ஜன்னலை மட்டும் மாற்றினேன். திங்கள், 4 என்று இருக்கும்.

வாட்சை அத்தை கையில் கொடுத்துவிடு. நீ எனக்குத் தாலி கட்டும்போது அத்தை தன் கையில் இருக்கிற கடியாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அதில் பத்து பத்து ஆனதும், அத்தை விரலாலேயே இந்தக் கிரவுனை உள்ளே அழுத்தி உன் கையில் கட்டிவிடச் சொல்.

அதுவரை அந்தச் சிவப்புத் துண்டை எடுக்காதே.

சங்கரி